பொய் மேகத்து வாளி

அஹ்னாபின் குரலை நான் பதின்மூன்று தடவை அழித்திருக்கிறேன். ஒரு தடவைகூடக் கேட்டுப் பார்க்கவில்லை. பதினான்காவதும் என் கையாலேயே போயிருக்கும். அது அவன் தன் மகளுக்கென்று பேசி விட்டுப் போனது, பெண்சாதிகூடத் திறந்து கேட்காதது. அது எப்படி என் மடிக்கணினிக்குள் வந்து விழுந்தது, அதன் பிறகு நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன். என்னை நல்லவளாகக் காட்டுகிற கதை இல்லை இது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஜஹானா. வீடு அலவத்துகொட, வேலை கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டை. பாலம் தாண்டிச் சந்திக்கு வரும்போது ஒரு ஹார்ட்வெயார் கடை இருக்கும். அதற்கு மேல்மாடியில் எங்கள் கந்தோர். நாலு கதிரை, ஓர் அலுமாரி, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு நேர்கீழே மடவளை பஸ் நிற்கும் இடம். முதலாளி டிலக்சன், யாழ்ப்பாணத்துக்காரர். நிரல் எழுதுபவன் அஹ்னாப். அவன் எழுதியதைப் போட்டு உடைத்துப் பிழை பிடிப்பவள் நான். தொழிலே அதுதானே என்றால், தொழிலுக்கு முன்னாலேயே உனக்கு அந்தக் குணம் இருந்தது என்று வீட்டில் சொல்வார்கள்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது தாதிமாருக்கான ஒரு செயலி. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிறவர்கள், பார்த்ததைப் போனில் பேசிப் பதிவு செய்வார்கள். பதிவு கிளவுட்டுக்குப் போகும். கிளவுட் என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை, எங்கோ வெளிநாட்டில் யாரோ ஒருவருடைய கணினிகள். நாங்கள் அனுப்பும் கோப்புகளை அங்கே வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்துக்குப் பக்கெட் என்று பெயர். ஒரு நாளைக்கு நூறு சோதனை செய்கிறவள் நான். நூறையும் அங்கே அனுப்ப முடியுமா? அதனால் கிளவுட் மாதிரியே நடிக்கிற ஒரு மென்பொருளை என் மடிக்கணினியில் ஓடவிட்டிருந்தோம். எமுலேட்டர் என்பார்கள். கோப்பை அனுப்பினால், ‘கிடைத்தது, பத்திரமாக இருக்கிறது’ என்று அசல் மாதிரியே பதில் சொல்லும். செயலிக்கு வித்தியாசம் தெரியாது. அஹ்னாப் அதற்குப் பொய் மேகம் என்று பெயர் வைத்தான். பக்கெட்டை வாளி என்றே சொல்வான்.

அந்தப் பொய் மேகம் வாங்கியதையெல்லாம் நினைவில் மட்டும்தான் வைத்திருக்கும். நிறுத்தினால் எல்லாம் போய்விடும். டிஸ்க்கில் எழுதி வைக்கச் சொல்லலாம், ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும் என்றான் அஹ்னாப். நான்தான் வேண்டாம் என்றேன். நேற்றைய குப்பையோடு இன்றைய சோதனையைத் தொடங்கினால் எந்தப் பிழை எங்கிருந்து வந்ததென்று யாருக்குத் தெரியும்? பின்னேரம் ஐந்து மணிக்கு நிறுத்துவேன், காலை ஒன்பது மணிக்கு வெறும் வாளியோடு தொடங்குவேன். அதற்கு நாங்கள் வாளி கழுவுவது என்று சொல்வோம்.

ஐந்து மணியானால் அஹ்னாப் எங்கிருந்தாலும் ஓடி வருவான். அக்கா முறை வைத்து ராத்தா என்றுதான் என்னைக் கூப்பிடுவான்.

"ஜஹானா ராத்தா, இத அழிச்சிராதீங்க! நாளைக்கு வேணும்."

"வேணும்ண்டா நாளைக்குத் திருப்பி அனுப்பு. ஒனக்காக நான் குப்பய கட்டிக்கொண்டு இரிக்கவா?"

"ஒருக்கா உள்ளுக்கு என்ன இரிக்கிண்டாவது பாருங்களே!"

பார்க்கமாட்டேன். அவன் முகத்துக்கு நேரேயே நிறுத்துவேன். நாலு வருடம், ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் இந்த நாடகம் நடந்தது. அவன் சிரிப்பான், நான் முறைப்பேன், டிலக்சன் காதில் எதையாவது மாட்டிக்கொள்வார்.

இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும், இரண்டும் என் வாயிலிருந்து வந்த கட்டளைகள். நோயாளியின் விவரம் போனில் தங்கக் கூடாது என்பதால், மேகம் ‘கிடைத்தது’ என்று சொன்னவுடன் பதிவு போனிலிருந்து தடம் இல்லாமல் அழிய வேண்டும் என்றேன். வைஃபை கிடைக்கும் ஒவ்வொரு தடவையும், வந்த வரிசைப்படி, ஒரே ஒரு கோப்பு மட்டும் மேலே ஏற வேண்டும் என்றேன். சோதனைப் பதிப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் எனக்குப் பிழை பிடிக்க வசதி. அழிக்கிற விஷயத்தில் மட்டும் அஹ்னாப் மல்லுக்கு நின்றான். உண்மையாகவே போய்ச் சேர்ந்ததா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அழித்தால் என்ன என்று கேட்டான்.

"மேகம் கெடச்சிண்டு சொன்னா கெடச்சது தான்," என்றேன். "அதயும் நம்பாட்டி வேற யார நம்புற?"

சொன்ன வாயை இப்போது எதால் கழுவுவது?

ஏப்ரலில் அவனுக்குக் காய்ச்சல் விடவே இல்லை. பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு ரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள். முப்பத்தொரு வயது. மடவளை வீட்டில் படுத்தபடி வேலை செய்தான். செய்யாதே என்றால் கேட்கிற ஆளா? மே மாதம் ஒருநாள் போன் எடுத்தான்.

"ராத்தா, நான் இங்க இருந்து ரெகோட் பண்ற டெஸ்ட் எல்லாம் வாளிக்கு வருதா?"

"எப்படி வரும்? ஒன்ட போன்ல இரிக்கிற பதிப்பு ஏன்ட மெஷினத் தேடும். அது கந்தோர் வைஃபையில மட்டும் தான் இரிக்கி. நீ எழுதினது தானே, ஒனக்குத் தெரியாதா? கந்தோருக்கு வா, தன்னால ஏறும்."

"அப்ப வரக்குள்ள ஏறும்," என்றான்.

கடைசியாகப் பேசியது அதுதான். ஜூன் இரண்டாம் திகதி மௌத்தாகிவிட்டான். மையத்து வீட்டுக்குப் போனேன். உள்ளறையில் அவன் பெண்சாதி ஸஹ்ரா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நாலு வயது மகள் ஷஹ்மா, வந்தவர்களின் செருப்புகளைச் சோடி சோடியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஸஹ்ராவின் கையைப் பிடித்தேன். புருஷனை இழந்தவள், இனி நாலு மாதமும் பத்து நாளும் இத்தாவில் இருப்பாள், வீட்டுப் படியைத் தாண்டமாட்டாள். அடிக்கடி வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவள், ஒரு தடவைகூடப் போகவில்லை. அவன் இல்லாத வீட்டைப் பார்க்க எனக்குப் பயம். பயத்துக்கு வேலை என்று பெயர் வைத்துக்கொண்டு நாளைக் கடத்தினேன்.

ஒக்டோபர் பதின்மூன்றாம் திகதி பின்னேரம், மூன்று மணிக்குச் சற்று முன்னால், வாளியில் ஒரு கோப்பு வந்து விழுந்தது. நான் எதுவும் அனுப்பவில்லை. டிலக்சன் சாப்பிடப் போயிருந்தார். கோப்பின் பெயர் ஆங்கில எழுத்தில் ‘அஹ்னாப் 01’ என்று இருந்தது. திகதி மே மாதத்தியது.

முதலில் அவனுடைய காலிக் கதிரையைத்தான் திரும்பிப் பார்த்தேன். பிறகு என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அஹ்னாபுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தானாக ஓடி வெறும் பீப் சத்தக் கோப்புகளை அனுப்பும் குட்டி நிரல்களை எங்காவது ஒளித்து வைத்துவிட்டு மறந்துபோவான். அப்படி ஒன்று இன்னும் ஓடுகிறது, அவ்வளவுதான். செத்தும் என் வாளியில் குப்பை போடுகிறானே என்று கோபம் வந்தது. கோபம் வந்தது நிம்மதியாக இருந்தது. ஐந்து மணிக்குக் கழுவிவிட்டேன்.

அடுத்த நாள் அதே நேரம், இரண்டாவது. அதற்கடுத்த நாள் மூன்றாவது. பெயரில் எண் மட்டும் கூடிக்கொண்டே போனது.

டிலக்சனிடம் சொன்னேன். மனிதர் ஒரு முழு நாள் எல்லாக் கணினியையும் கிண்டிக் கிளறிவிட்டு வந்தார்.

"அப்பிடி ஒரு நிரலும் இல்லை, ஜஹானா. அவற்ர போன்தான் எங்கேயோ பக்கத்தில நிண்டு அனுப்புது போல கிடக்கு."

"போன் எப்படி வரும்? அது மடவளையில, ஸஹ்ராட கையில இரிக்கி. அவ இத்தாவில. வெளிய வரமாட்டா."

"ஓ, அப்ப சரி," என்றார். அவருக்கு எங்கள் இத்தாக் கணக்கு தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் நான் எண்ணிப் பார்க்கவில்லை. மௌத்து வீட்டில் அவளைக் கடைசியாகப் பார்த்த அந்த உள்ளறையிலேயே என் மனதில் அவள் உட்கார்ந்திருந்தாள். எழும்பி நடந்து வெளியே வருவாள் என்று ஏனோ எனக்குத் தோன்றவே இல்லை.

"ஒருக்கால் திறந்து கேட்டுப் பாருங்கோவன்," என்றார் டிலக்சன்.

"நீங்க கேளுங்க!"

அவரும் கேட்கவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போகிறேன் என்று மெல்ல நழுவிவிட்டார். தீபாவளி அன்று கந்தோர் பூட்டு, அடுத்த நாள் வந்து பார்த்தால் எண் ஒன்றும் விடுபடவில்லை. விட்ட இடத்திலிருந்து சரியாகத் தொடர்ந்தது. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. நாங்கள் இல்லாத நாளில் வராமல், இருக்கிற நாளில் மட்டும் வருகிறது. யாரோ ஆள் பார்த்துத்தான் அனுப்புகிறார்.

அந்த நாட்களில் இரண்டரை மணியானால் எனக்கு வேறு வேலை ஓடாது. பிளேன்டீ மேசையிலேயே ஆறிப்போகும். ஓதிக்கொண்டே திரையைப் பார்ப்பேன். கீழே மடவளை பஸ்ஸுக்காரன் கத்துவான், ஹார்ட்வெயார் கடையில் தகரம் வெட்டுவார்கள், உலகம் அதுபாட்டுக்கு நடக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் பெயர் வந்து நிற்கும். அஹ்னாப் 07. அஹ்னாப் 08. அதன் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைப்பேன், விரலை அழுத்த வராது. அழுத்தி, பீப் சத்தம் வராமல் அவன் சத்தம் வந்தால்? ‘ராத்தா’ என்று கூப்பிட்டால் நான் என்ன பதில் சொல்வது? ஐந்து மணியானதும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று நிறுத்திவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். அப்படி ஓடிய ஒவ்வொரு நாளும் ஒரு மனிதனுடைய குரலைத் துடைத்துவிட்டு ஓடியிருக்கிறேன். பாவி.

பதினான்காவது நாள் மத்தியானத்திலிருந்தே வானம் மூடிக்கிடந்தது. ஹந்தானை மலைப் பக்கம் இடி உருண்டது. மூன்று மணி நெருங்கும்போது மாடிப்படியில் கால் சத்தம் கேட்டது. டிலக்சன் கதவைத் திறந்தார். ஸஹ்ரா நின்றிருந்தாள். ஒரு கையில் ஷஹ்மா, ஒரு கையில் அஹ்னாபின் போன்.

ஸலாம் சொல்லக்கூட மறந்து, "நீ எப்படி... இத்தா?" என்றுதான் கேட்டேன்.

"அது முடிஞ்சி மூணு கிழமையாகுது, ராத்தா." நான் போய்ப் பார்க்காததை அவள் குறையாகச் சொல்லவில்லை. "கண்டியில ஒரு நேசரியில டீச்சர் வேல கெடச்ச. மகளயும் கூட்டிக்கொண்டு போற. வரக்குள்ள இங்க எறங்கித் தான் மடவளை பஸ் எடுக்கிற. ஒவ்வொரு நாளும் ஒங்கட கந்தோருக்குக் கீழ தான் நிக்கிற. மேல வரத் தான் மனசு வரல்ல."

அந்த நிமிடமே எனக்கு விளங்கத் தொடங்கிவிட்டது. விளங்க வேண்டாம் என்று மனம் அடம்பிடித்தது.

அவள் கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தாள். "ராத்தா, அவர்ட போன்ல அவர் பேசின பதினாலு இரிந்திச்சி. நர்ஸ்மார் பேசுற மாதிரி பேசி வெச்ச. ‘நோயாளியின் பெயர் அஹ்னாப், இன்று அரைக் கோப்பை கஞ்சி குடித்தார், பெண்சாதியோடு சண்டை பிடித்தார்’, அப்படி எல்லாம். இத்தா முழுக்க அத தான் கேட்டுக்கொண்டு இரிந்த. வெளிய வர வெளிக்கிட்ட நாள்ல இருந்து ஒவ்வொரு நாளும் ஒண்டு இல்லாமப் போகுது. மொதல்ல பயந்த. பொறகு நெனச்ச, அவர் தான் ஒண்ணொண்டா எடுக்கிறார்ண்டு. இத்தா முடிஞ்சே, இனி இவளுக்கு என்னத்துக்குண்டு எடுத்துக்கொண்டு போறார்ண்டு."

டிலக்சன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இப்ப ஒண்டு தான் மிச்சம். அது ஷஹ்மாக்கு. அவளுக்குப் பதினஞ்சி வயசாகக்குள்ள குடுண்டு சொன்ன, நீ தொறக்காதண்டும் சொன்ன. நான் தொறக்கல்ல, அல்லா மேல ஆணை. அதயும் எடுத்துட்டார்ண்டா நான் இவளுக்கு என்னத்த குடுக்கிற? நீங்க கம்ப்யூட்டர் படிச்சவங்க. அத வேற எங்கயாவது எடுத்து வெச்சித் தாங்க, ராத்தா."

போனை நீட்டினாள். நீட்டியவள், திரையைப் பார்த்துவிட்டுப் பதறி எழும்பினாள்.

"இல்ல... இல்ல ராத்தா! கீழ நிக்கக்குள்ள இரிந்திச்சி! இப்ப தான் பாத்த!"

நான் என் மடிக்கணினிப் பக்கம் திரும்பினேன். வாளியில் ஒரே ஒரு கோப்பு இருந்தது. அஹ்னாப் 14.

கந்தோருக்கு வா, தன்னால ஏறும் என்று சொன்னவள் நான்தானே. எங்கள் வைஃபை கீழே பஸ் நிற்கும் இடம் வரைக்கும் எட்டும். வந்திருக்கிறான். மூன்று கிழமையாக ஒவ்வொரு நாளும் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, படியேறி வந்து என் வாளியில் விழுந்திருக்கிறான். அவன் எழுதிய நிரல் நான் சொன்னபடி அச்சுப் பிசகாமல் நடந்திருக்கிறது. ஒன்று ஏறியதும், பொய் மேகம் ‘பத்திரமாக இருக்கிறது’ என்றதும், போனில் இருந்ததை அழித்திருக்கிறது. மிச்சத்தை ஐந்து மணிக்கு நான் முடித்து வைத்திருக்கிறேன்.

"டிலக்சன், பென் டிரைவ்!" என்று கத்தினேன். என் மடிக்கணினியின் பெட்டரி ஓகஸ்டில் ஊதிப்போய்க் கழற்றியாகிவிட்டது. நேரே கரண்டில்தான் ஓடியது. கரண்ட் போனால் பதினான்காவதும் போய்விடும்.

நினைத்து முடித்தேனோ இல்லையோ, இடி ஒன்று பாலத்துப் பக்கம் விழுந்தது. லைட் அணைந்தது. மேசைக்குக் கீழே யூபிஎஸ் கீச்சிடத் தொடங்கியது. அது பழசு, மூன்று நிமிடம் தாங்கினால் பெரிய விஷயம். ஷஹ்மா பயந்து அழுதாள். டிலக்சன் சாவிக்கொத்தோடு பென் டிரைவைக் கொண்டுவந்து செருகப் போய், அவசரத்தில் தலைகீழாகச் செருகினார்.

"மற்றப் பக்கம்! மற்றப் பக்கம் திருப்புங்க!"

"ஏன் கத்துறியள்? எனக்கும் கண் தெரியுது!"

கோப்பை இறக்கினேன். பச்சைக் கோடு நகர்ந்தது. சின்னக் கோப்புத்தான், ஆனால் அந்தக் கோடு அன்றைக்கு நகர்ந்த மாதிரி எதுவும் மெதுவாக நகர்ந்து நான் பார்த்ததில்லை. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று வாய் விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். முடிந்தது என்று வந்தது. பென் டிரைவுக்கு மாற்றி, கழற்றி, கைக்குள் பொத்திக்கொண்டேன். யூபிஎஸ் இன்னும் இருபது தடவை கீச்சிட்டிருக்கும். பிறகு திரை கறுத்தது.

டிலக்சனின் கணினியில் பெட்டரி இருந்தது. அதில் செருகிப் பார்த்தோம். வாளியில் இருந்தபோது நான் பார்த்து வைத்திருந்த அளவும் கையில் வந்த அளவும் ஒரு எண்கூடப் பிசகாமல் ஒன்றாக இருந்தன. டிலக்சன் தன் போனிலிருந்து இணையம் கொடுத்தார். அசல் கிளவுட்டில் இரண்டு இடத்தில் ஏற்றினோம்.

ஸஹ்ரா கேட்டாள்: "அப்ப மத்த பதிமூணும்? அதுவும் இங்க தானே வந்தீக்கும்?"

டிலக்சன் எனக்கு முன்னால் வாயைத் திறந்தார். "அது தங்கச்சி, போனில ஏதோ பழுது போல..." அவர் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார், நல்ல மனிதர். நானும் அதைப் பிடித்துக்கொண்டு தப்பியிருக்கலாம். மூன்று கிழமையாகத் தப்பித் தப்பித்தான் இந்த நிலைமை.

"பழுது இல்ல," என்றேன். "வந்திச்சி. நான் தான் அழிச்ச. ஒவ்வொரு நாளும் அஞ்சி மணிக்கு. என்னண்டும் பாக்கல்ல. பயத்துல பாக்கல்ல."

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் அவள் சொன்னது முதலில் எனக்குக் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னாள்.

"அவர் எடுத்ததுண்டு நெனச்சிக்கொண்டு இரிந்த வரைக்கும் நல்லா இரிந்திச்சி, ராத்தா. நீங்களா?"

அறைந்திருந்தாலும் தாங்கியிருப்பேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள், அது சரி என்றா, வேண்டாம் என்றா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

விஷயம் அதோடு முடியவில்லை. பிழை பிடிக்கிறவள் மூளை சும்மா இருக்குமா? ஜூலைக்கு முந்திய பதிப்பில் ஒரு கோளாறு இருந்தது. சில வேளைகளில் பதிவு ஓடும், நீளம் காட்டும், அளவும் காட்டும், உள்ளே சத்தம் மட்டும் இருக்காது. அஹ்னாப் போன பிறகு ஜூலையில்தான் அதைத் திருத்தினோம். கையிலிருப்பது அந்தக் கோளாறுப் பதிவாக இருந்தால்? அந்தப் பிள்ளை பதினொரு வருடம் காத்திருந்து, திறந்து, ஒன்றுமில்லாததைக் கேட்பாளா? இதையும் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஸஹ்ரா மகளைத் திரும்பிப் பார்த்தாள். ஷஹ்மா அழுகையை விட்டுவிட்டு, வாசலில் எங்கள் செருப்புகளைச் சோடி சோடியாக அடுக்கத் தொடங்கியிருந்தாள்.

"நீங்க கேளுங்க," என்றாள் கடைசியில். "அவர் பேசத் தொடங்கிற வரைக்கும் மட்டும். சத்தம் வந்த ஒடன நிப்பாட்டுங்க. நானும் கேக்கமாட்டன்."

ஹெட்போனை மாட்டினேன். பதின்மூன்று நாளாக அழுத்த வராத விரலால் அழுத்தினேன். முதலில் ஒரு மின்விசிறி சுற்றுகிற சத்தம். தூரத்தில் காகம். ஒரு இருமல், தொண்டையைச் செருமுகிற சத்தம், அது அவனுடைய செருமல்தான். ஆயிரம் பேருக்கு நடுவிலும் எனக்கு அது தெரியும். பிறகு ஒரு மூச்சு. பேசினான்.

"ஜஹானா ராத்தா, இத..."

நிறுத்தினேன். ஸஹ்ரா சொன்னபடி அந்த இடத்திலேயே நிறுத்தினேன்.

"இரிக்கா, ராத்தா?"

"இரிக்கி."

"அவர் தானா?"

"அவன் தான். நல்லாத் தெளிவா இரிக்கி."

ஸஹ்ரா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். நானும் அவளைப் போல நிம்மதியில்தான் அழுகிறேன் என்று டிலக்சன் நினைத்திருப்பார். மழை விட்டதும் அவர்கள் இறங்கிப்போய் மடவளை பஸ்ஸில் ஏறினார்கள். ஜன்னலில் நின்று பார்த்தேன். ஷஹ்மா மட்டும் கை காட்டினாள்.

மீதி என்ன என்று நான் கேட்கத் தேவையில்லை. நாலு வருடம் ஒவ்வொரு நாளும் ஐந்து மணிக்குக் கேட்ட அதே ‘அழிச்சிராதீங்க’தான். மகளுக்குப் பேச உட்கார்ந்தவன், அது முதலில் என் வாளிக்குத்தான் வரும் என்று தெரிந்து, முதல் வார்த்தையை எனக்குக் கொடுத்திருக்கிறான். கடைசிக் கோப்பையாவது திறந்து கேட்பேன் என்று என்னை நம்பியிருக்கிறான். இன்றைக்கு ஸஹ்ரா படியேறி வராமல் கீழேயே நின்றுவிட்டு பஸ் ஏறியிருந்தால், கோப்பு எப்படியும் வந்திருக்கும், ஐந்து மணிக்கு நான் கழுவியிருப்பேன். அவன் சொன்னதையும் சேர்த்துத்தான் கழுவியிருப்பேன்.

அவனுடைய அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டேன். இப்போது பொய் மேகம் எல்லாவற்றையும் டிஸ்க்கில் எழுதி வைக்கிறது. ஐந்து மணிக்கு ஒவ்வொரு கோப்பையும் திறந்து கேட்ட பிறகுதான் அழிக்கிறேன். எல்லாம் பீப் சத்தம்தான்.

ஸஹ்ராவிடம் அவன் என்ன சொல்லித் தொடங்குகிறான் என்பதை நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, மகளின் பெயராகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள். ஷஹ்மாவுக்குப் பதினைந்து வயதாக இன்னும் பதினொரு வருடம் இருக்கிறது. வாப்பா தனக்கென்று விட்டுப்போனதை அவள் அன்றைக்குத் திறப்பாள், முதலில் என் பெயரைத்தான் கேட்பாள். யார் உம்மா இந்த ஜஹானா ராத்தா, எதை அழிக்க வேண்டாமென்று வாப்பா கெஞ்சுகிறார் என்று கேட்பாள். ஸஹ்ரா அவளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.